பாடசாலை ஒழுக்க விதிகள் (மாத்தளை மாவட்டம், தமிழ்மொழிமூலம்)

மாத்தளை மாவட்டத்துத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில், சிறப்பாகத் தரம் 6 முதல் 9 வரையான கனிஷ்ட இடைநிலைப் பிரிவில், மாணவரின் வரவு, உடை, நடத்தை பற்றிய விதிகளும் அவற்றை மீறுவோருக்கான தண்டனைகளும் இக்கட்டுரையின் பொருள். மத்திய மாகாணத்தின் வடபகுதியான இம்மாவட்டம் மாத்தளை, நாவுல, கலேவெல, வில்கமுவ என நான்கு கல்வி வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நகரில் இந்துக் கல்லூரி, பாக்கியம், ஸாஹிரா போன்றவை இருக்க, றத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை மலைகளில் தோட்டப் பாடசாலைகள் சிதறிக் கிடக்கின்றன. விதிகள் அமைச்சின் சுற்றுநிருபங்களாக வருவதால், காகிதத்தில் யாழ்ப்பாணத்துக்கும் மாத்தளைக்கும் வேறுபாடில்லை. நடைமுறையோ தோட்டத்தில் பிறந்தது.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த தொழிலாளர் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில்பாதை திறந்த பிறகும் வடக்கு வீதியில் நடந்து வந்தோர் பலர். அவர்களோடு திண்ணைப் பள்ளிக்கூடமும் வந்தது. லயம் எனப்பட்ட தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் அறையொன்றில், எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியின் உறவினரோ கணக்கப்பிள்ளையோ மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்து மணலில் எழுதப் பழக்குவார். மூத்த பையன் சட்டாம்பிள்ளை. இன்றைய மாணவத் தலைவனின் பாட்டன் அவன்தான். திண்ணைப் பள்ளித் தண்டனைகளில் கொடியது கோதண்டம், அதாவது விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடுவது. அதற்கு லயத்துக் கூரையின் உயரம் போதாது. குட்டு, தோப்புக்கரணம், பிரம்பு, முழங்காலில் நிற்றல் ஆகியவையே இங்கு நிலைத்தன.

1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை வரவழைத்துத் தோட்டங்களில் பள்ளிகள் நடத்தியது. வரவுப் பதிவேடும் நகம், தலைமுடி பார்க்கும் வழக்கமும் இவர்களால் வேரூன்றின எனலாம்.

ஆயினும் ஒழுங்கின் அச்சு, தோட்டத்தில் காலையில் வரவெடுக்கும் பெரட்டுதான். விடியலில் தப்புப் பறை முழங்கும். பெரட்டுக்களத்தில் ஆண்களும் பெண்களும் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். பிந்தி ஓடிவந்தவருக்கு அன்று பேர் இல்லை, அதாவது அன்றைய வேலையும் கூலியும் இல்லை. கூடையோடு லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். தோட்டப் பாடசாலையின் காலைக் கூட்டமும் இதே சாயல்: உயர வரிசை, கைநீட்டு இடைவெளி, பேர் கூப்பிடுதல், பிந்தியவர் வாசலில் தனி வரிசை. காலைக் கூட்டம் மிஷன் வழிபாட்டிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அது நகரப் பள்ளிகளுக்கே பொருந்தும்.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகியான துரைமேல் சுமத்தியது. 1920ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே வலியுறுத்தியது. துரைமார் பெயரளவுக்கே செய்தனர். ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒழுக்கம் என்றால் வரவு. வரவு என்றால் கொழுந்து மலியும் காலத்தில் பிள்ளையை மலையிலிருந்து மீட்பது. 1945இன் இலவசக் கல்வி இப்பள்ளிகளை எட்டவில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இலிருந்து பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன.

சட்டநிலை

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 341ஆம் பிரிவு, மாணவனை நியாயமான அளவில் அடிக்கும் ஆசிரியரை எடுத்துக்காட்டாகவே கூறி விடுவிக்கிறது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டமும் அந்த உரிமையைக் காத்தது. இலங்கை 1991இல் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. கல்வி அமைச்சின் 2005/17, 12/2016 சுற்றுநிருபங்கள் பாடசாலைகளில் உடல்தண்டனையை விலக்கின. சட்டம் ஒன்று சொல்ல, சுற்றுநிருபம் வேறு சொன்னதால் பிரம்பு அலுமாரிக்கு மேலே போனதே தவிர வெளியே போகவில்லை. முடிச்சை அவிழ்த்தது உயர் நீதிமன்றம். ஆசிரியர் அறைந்ததால் காது பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், 2021 பெப்ரவரி 12 அன்று, அச்செயல் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய கொடுமை எனத் தீர்த்து, ஆசிரியர் 150,000 ரூபாயும் அரசு 500,000 ரூபாயும் நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. அடிக்காவிட்டால் பிள்ளை உருப்படாது என்ற பழைய வாதம் அத்துடன் செல்லாக்காசானது.

நடைமுறை

பிந்தி வருதல், தலைமுடி, சீருடை, கைபேசி ஆகியவையே தரம் 8, 9 மாணவரின் வழக்கமான குற்றங்கள். வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், அதிபர் எனப் படியேறி, பெரிய விடயமானால் பாடசாலை நிகழ்வுகளைக் குறிக்கும் லொக் புத்தகத்தில் பதிவாகும். பள்ளியைவிட்டு விலக்குவது எளிதன்று; 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம்.

பிரம்பின் இடத்துக்கு இப்போது வந்திருப்பது "நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்ற சொல். நகரத்தில் இது ஒரு மணிநேரச் சங்கடம். தோட்டத்தில் கதை வேறு. காலை பத்து மணிக்கு அதிபரின் அறைக்கு முன்னால், சேலையை மாற்றிக் கட்டிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அன்றைய பேர் போய்விட்டது. 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. தண்டனை பிள்ளையின் உள்ளங்கையிலிருந்து தாயின் செக்ரோலுக்கு, அதாவது வேலைநாளும் சம்பளமும் பதியும் ஏட்டுக்கு, மாறியுள்ளது. இதைச் சுற்றுநிருபம் எதுவும் கணக்கில் எடுக்கவில்லை. மாலை நான்கரைக்கு மேல், மலையிலிருந்து இறங்கியபின் பெற்றோரைச் சந்திக்க ஒழுக்காற்றுக் குழுக்கள் இசைவதே நியாயம்.

இன்றைய நிலை

உடல்தண்டனையைக் குற்றமாக்கத் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தும் சட்டமூலம் 2025இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. முறைப்பாடுகளைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் தமிழிலும் தெரிவிக்கலாம்.