ஐடிலிங் ஸ்க்ரூவும் அரியலூர் புழுதியும்

1957-ல வந்த அம்பாசடர், 1983-ல வந்த மாருதி 800 ரெண்டுமே ஆரம்பத்துல கார்புரேட்டர்தாங்க. பெரம்பலூர் பாலக்கரை ரவுண்டானாவுல ஸ்லோ பண்ணினா ஆஃப் ஆகுதா? மெக்கானிக் ஐடிலிங் ஸ்க்ரூவையும் மிக்சர் ஸ்க்ரூவையும் கால் சுத்து திருப்பி, சத்தத்தைக் கேட்டே செட் பண்ணிடுவார். காதுதான் மீட்டர்!

அரியலூர் பக்கம்னா முதல்ல கழட்ட வேண்டியது ஏர் ஃபில்டர். சுண்ணாம்புக்கல் லாரி கிளப்புற புழுதி அதை அடைச்சா காத்து குறையும், பெட்ரோல் கூடும், பிளக்குல கரி பிடிக்கும். அப்புறம் எத்தனை தடவை ஸ்க்ரூவைத் திருப்பினாலும் வண்டி நிக்காம ஓடாது.

2000-ல 'இந்தியா 2000' புகை விதிகள் வந்துச்சு. எம்.பி.எஃப்.ஐ. பரவுச்சு. இப்ப சென்சார் காத்தை அளக்குது, கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊத்துது. திருப்ப ஸ்க்ரூவைக் காணோம்! ஸ்கேனர் வாங்க வசதியில்லாத சின்னப் பட்டறைக்காரர் பாடுதான் திண்டாட்டம்.

ஆனா ஒண்ணு. ஸ்கேனர் கோளாறு நம்பரைத்தான் காட்டும். திராட்டில் பாடியில படிஞ்ச கரி, வெடிச்ச வாக்குவம் ஹோஸ்ல 'உஸ்ஸு'ன்னு காத்து இழுக்குற சத்தம்... இதைக் கண்டுபிடிக்க அதே பழைய கண்ணும் காதும்தான் வேணும். அந்தக் காதுகளை நாம இழந்துடக் கூடாதுங்கறதுதான் என் கவலை. நீங்க என்ன சொல்றீங்க?