வலியைத் தணிப்பது கைவிடுவதல்ல
“இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றுதான் அங்கே அனுப்புகினம்.” நோய்த்தணிப்புப் பராமரிப்புப் பற்றிப் புற்றுநோயாளரின் குடும்பங்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. சான்றுகள் வேறு சொல்கின்றன.

முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரிடம் அமெரிக்காவின் பொஸ்டனில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. வழமையான சிகிச்சையுடன் இப்பராமரிப்பையும் ஆரம்பத்திலேயே பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 11.6 மாதங்கள், மற்றவர்களுக்கு 8.9.

வலிக்கான மோர்பின் மாத்திரை விலை குறைந்தது. இலங்கை அரச வைத்தியசாலைகளில் சிகிச்சையும் இலவசம். செலவு விழுவது வீட்டில்தான்: கிளினிக்குக்குப் போய்வர வாகனக் கூலி, நோயாளியைப் பார்ப்பவர் இழக்கும் நாட்சம்பளம், இரவுத் தூக்கம். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் தூக்கம்.

தெல்லிப்பழையோ மகரகமவோ, எங்கு சிகிச்சை பெற்றாலும் வலி முற்றும்வரை காத்திராமல் வைத்தியரிடம் முதலிலேயே கேளுங்கள்: “வலிக்கு என்ன செய்யப் போகிறோம்?”