நெடுந்தீவு: பேப்பரில் பெயர் மட்டும் வரும் ஊர்



"நெடுந்தீவு அருகே மீன் பிடித்துக்கொண்டிருந்த தமிழக மீனவர்கள் கைது." இந்தச் செய்தியைப் படிக்காத தமிழர் இருக்க முடியாது. கைதானவர்கள் எத்தனை பேர், படகு எத்தனை என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். நெடுந்தீவு என்பது ஓர் ஊர், அங்கே நம் மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. அதனால் இன்று அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

யாழ்ப்பாணத்தை ஒட்டிக் கடலில் பல தீவுகள் உண்டு. வேலணை, புங்குடுதீவு போன்றவற்றுக்குக் கடலுக்குள் சாலை போட்டு இணைத்துவிட்டார்கள். நெடுந்தீவுக்குச் சாலை கிடையாது. புங்குடுதீவின் ஓரத்தில் இருக்கும் குறிகட்டுவான் துறையில் படகு ஏறினால் ஒரு மணி நேரம் போலக் கடலில் போக வேண்டும். தீவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை நாலாயிரத்தை ஒட்டி இருக்கும். நம் அந்தியூர்ச் சந்தைக்கு ஒரு திங்கள்கிழமை வரும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் ஒரு முழுத் தீவின் ஜனம். நாம் ஓயாமல் பேசும் கச்சத்தீவு இங்கிருந்து சுமார் 24 கிலோமீட்டர். ஆள் குடியில்லாத அந்தக் கச்சத்தீவு இன்று நெடுந்தீவு நிர்வாகத்தின் கீழ்தான் வருகிறது.

1619இல் யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கீசியர் பிடித்தார்கள். இந்தத் தீவுக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'பசுக்களின் தீவு'. அந்த அளவுக்கு மேய்ச்சலும் மாடும் இருந்திருக்கின்றன. 1658இல் வந்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்களின் பெயரைச் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது, வேலணை லெய்டன் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. மற்றப் பெயர்கள் மறைந்துவிட்டன. டெல்ஃப்ட் மட்டும் இன்றும் அரசாங்க வரைபடத்தில் இருக்கிறது.

இனி நம் ஊர்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். ஆடியில் குருநாதசாமி கோயில் பண்டிகை வந்தால் குதிரைச் சந்தை பார்க்காதவர்கள் நம்மில் யார்? நெடுந்தீவும் குதிரைக்குப் பேர்போன ஊர்தான். போர்த்துக்கீசியர் கொண்டுவந்து விட்ட குதிரைகளை ஒல்லாந்தர் அங்கே முறையாகப் பண்ணை வைத்து வளர்த்தார்கள். நாலு பக்கமும் கடல் என்பதால் வேலி தேவையில்லை, திருட்டுப் போகவும் வழியில்லை. பிறகு ஆங்கிலேயரும் அதைத் தொடர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி அந்தப் பொறுப்பில் இருந்தார். காலம் மாறிப் பண்ணை மூடப்பட்டது. வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் தங்கிவிட்டன.

அவற்றின் வழிவந்தவை சில நூறு, இன்றும் தீவின் தென்பக்கப் புல்வெளியில் கட்டுத்தறி இல்லாமல் திரிகின்றன. நம் சந்தைக்கு வரும் மார்வாரி, கத்தியவார் குதிரைகளைப் போல உயரமானவை அல்ல. கட்டையான, மெலிந்த உடம்பு. லாடம் இல்லை, கொள்ளு இல்லை, தேய்த்துவிட ஆளில்லை. கோடையில் குட்டைகள் வற்றினால் தண்ணீர் இல்லாமல் செத்துப்போவதும் உண்டு. 2015இல் இலங்கை அரசு அந்தப் பகுதியைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தது.

குதிரைக்கு மட்டுமா தண்ணீர்க் கஷ்டம்? தீவில் ஆறு கிடையாது. அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை அந்தப் பாறைக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். அளவாக இறைத்தால் நல்ல தண்ணீர் வரும். ஆசைப்பட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், பிறகு கிணறு பாழ்தான். ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டுக்கொண்டிருக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. ஆனாலும் குடத்தோடு காத்திருப்பது முழுதாக ஒழியவில்லை.

வீட்டைச் சுற்றி, காட்டைச் சுற்றி, எங்கே பார்த்தாலும் பவளப்பாறைக் கல்லை அடுக்கிய மதில்கள். சுண்ணாம்பு இல்லை, மண் சாந்துகூட இல்லை. கல்லின் மேல் கல்லை வாகு பார்த்து வைத்தது, தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. பனைதான் அவர்களுக்குக் கற்பகத்தரு. ஓலை கூரைக்கு, கிழங்கு ஒடியலுக்கு, மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழுக்கு. ஆண்கள் கடலுக்குப் போவார்கள், வீட்டில் ஆடும் மாடும் உண்டு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெருக்க மரம் ஒன்றும் அங்கே நிற்கிறது, அதன் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். பழைய காலத்தில் கடல் வணிகர்களோடு வந்திருக்க வேண்டும்.

வெடியரசன் கோட்டை என்று மக்கள் சொல்லும் இடத்தில் பவளக்கல்லால் கட்டிய பௌத்தத் தூபிகளின் அடித்தளங்கள் இருக்கின்றன. இது யாருடையது என்று இப்போது அங்கே அரசியல் நடக்கிறது. நம் விஜயமங்கலத்தில் சமணக் கோயில் இருக்கிறது. அதைக் கட்டியவர்களும் தமிழ் பேசியவர்கள்தானே! மணிமேகலை பாடிய மொழிக்குப் பௌத்தம் அந்நியமா? ஒரு மண்ணில் பல சமயம் வாழ்ந்ததற்குச் சாட்சியாக நிற்கும் கல்லை, இன்று ஒருவருக்கு மட்டும் பட்டா போடப் பார்ப்பது வரலாறு ஆகாது.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையக் காரணமாக இருந்த தனிநாயகம் அடிகளைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய தந்தையாரின் ஊர் இந்த நெடுந்தீவுதான். 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கும் இந்தச் சின்னத் தீவுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

மனம் கனக்கும் ஒரு நாளையும் சொல்ல வேண்டும். தீவுக்கும் கரைக்கும் இடையே ஓடிய படகின் பெயர் குமுதினி. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் சாமான் வாங்கவும் மக்கள் நம்பியிருந்த படகு அது. 1985 மே 15 அன்று அதை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள், பயணிகளைக் கத்தியாலும் கோடாரியாலும் வெட்டினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களும் குழந்தையும்கூட அதில் உண்டு. வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அதன் பிறகும் அந்த மக்கள் படகு ஏறாமல் இருக்க முடியவில்லை. வேறு வழி ஏது? பர்கூர் மலைக்காரர்கள் ஆத்திர அவசரத்துக்கு மலை இறங்கி நம் ஊருக்கு வந்தே ஆக வேண்டும் அல்லவா, அதுபோலத்தான். காற்று பலமாக அடித்தால் அந்தப் படகும் ஓடாது.

போரில் பலர் கொழும்பு, கனடா, பிரான்ஸ் என்று போய்விட்டார்கள். இன்று பல இடங்களில் மதில் நிற்கிறது, உள்ளே வீடு இல்லை. இருப்பவர்களைத் தேடி உலக அரசியல் வருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று மின்சாரம் அமைக்கும் வேலையை 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். நமக்கு இவ்வளவு பக்கத்தில் சீனாவா என்று இந்தியா கவலை தெரிவித்தது. அந்தத் திட்டம் நின்றது. 2024இல் இந்தியாவின் மானியத்தில் அதே வேலைக்கு ஒப்பந்தம் ஆனது.

இனி அந்தக் கைதுச் செய்தி. நம் மீனவர் சிறையில் வாடினால் நமக்கு வலிக்கிறது, வலிக்கத்தான் வேண்டும். ஆனால் நம் பக்கத்து விசைப்படகின் இழுவை மடி கடலடியை அரித்துக்கொண்டு போகும்போது, எதிரே சிறு படகில் வலை விரித்திருப்பவரும் தமிழர்தான். அவருடைய வலையும் அறுகிறது. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் கடலுக்குப் போக முடியாமல் கிடந்துவிட்டு, இப்போதுதான் எழுந்து நிற்கிறார்கள். 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. இரண்டு கரையிலும் அடுப்பு எரிய வேண்டும் என்றால் இரண்டு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் கை தட்டினால் தீராது.

எனவே செல்வங்களே, அடுத்த முறை 'நெடுந்தீவு அருகே' என்று படிக்கும்போது அந்தக் கல் மதிலையும், குடத்தோடு நிற்கும் அம்மாவையும், காட்டில் திரியும் குதிரையையும் ஒரு நிமிடம் நினையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் மாணவர்களில் யாருக்காவது நெடுந்தீவுக்கார நண்பர்கள் இருந்தால், அவர்கள் ஊர்க்கதையைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். எல்லோரும் படிப்போம்.

வாழ்க வளமுடன்.