குளிர்கால இன்ஜின் ஆயில்: ஒரு வரலாறு

கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் மசகு எண்ணெயில் சிறிதளவு மெழுகு தங்கியிருக்கும். கடுங்குளிரில் அது படிகமாகி எண்ணெயை இறுக்கிவிடும். அலாஸ்காவிலும் வட கனடாவிலும் சிறு விமானங்களை ஓட்டிய பழைய விமானிகள், தரையிறங்கியதும் சூடு ஆறுவதற்குள் எண்ணெயை வடித்து வைத்துக்கொள்வார்கள். காலையில் அதை அடுப்பில் காய்ச்சி மறுபடி ஊற்றினால்தான் இன்ஜின் சுழலும். இரண்டாம் உலகப் போரில், விமானத்தை நிறுத்துமுன் எண்ணெயில் பெட்ரோல் கலந்து இளக்கும் முறை பரவலானது. இன்ஜின் சூடேறியதும் பெட்ரோல் ஆவியாகிவிடும்.

அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ, 1911-இல் எண்ணெய்களைப் பாகுத்தன்மைப்படி வகைப்படுத்தியது. குளிர்காலத்தைக் குறிக்கும் 'டபிள்யூ' கிரேடுகள் பின்னர் சேர்ந்தன. 1930களில் மெழுகுப் படிகங்கள் பின்னிக்கொள்ளாமல் தடுக்கும் சேர்க்கைப் பொருள்கள் வந்தன. ஆனாலும் குளிர்காலத்துக்கு இளகிய எண்ணெய், கோடைக்குக் கெட்டி எண்ணெய் என்று மாற்றவேண்டிய தொல்லை நீடித்தது. சூட்டில் விரிந்து எண்ணெயின் பாகுத்தன்மையைக் காக்கும் பாலிமர்கள் கலந்த 10டபிள்யூ-30 போன்ற எண்ணெய்கள் 1950களில் கடைக்கு வந்தபின்தான் அது ஓய்ந்தது.

குளிருக்கான கணக்கில் மட்டும் குறை இருந்தது. சூடான எண்ணெயை அளந்து, -18 டிகிரி செல்சியஸில் அது எப்படி இருக்கும் என்று அனுமானித்தார்கள். 1967-இல்தான் குளிரில் இன்ஜின் சுழல்வதை நேரடியாகப் பாவனை செய்யும் கருவி தரநிலைக்குள் வந்தது.

அதுவும் போதவில்லை. 1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், சூ ஃபால்ஸ் நகரில் பல இன்ஜின்கள் பாழாயின. அவற்றில் இருந்தது சோதனைகளில் தேறிய எண்ணெய்தான். ஸ்டார்ட்டர் சுழற்றியது, இன்ஜினும் கிளம்பியது. ஆனால் பம்ப் உறிஞ்சிய இடத்தில் எண்ணெயில் குழி விழுந்தது; கூழாகிப்போன எண்ணெய் அதை நிரப்ப நகரவில்லை. பம்ப் காற்றையே இழுக்க, பேரிங்குகள் எண்ணெயின்றித் தேய்ந்தன. ஆய்வகத்தில் எண்ணெயை வேகமாகக் குளிர்வித்திருந்தார்கள். வீதியில் நின்ற வண்டியிலோ அது மெல்ல மெல்லக் குளிர்ந்ததால், மெழுகு வலைபோலப் பின்னிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. குளிர்கால எண்ணெயின் வரலாற்றில் இதைவிட முக்கியமான பாடம் இல்லை: கிளம்பாத இன்ஜினுக்குச் சேதமில்லை, கிளம்பியும் எண்ணெய் கிடைக்காத இன்ஜினே அழிகிறது. அதன் விளைவாக, எண்ணெயை இரண்டு நாள் அளவுக்கு மெதுவாகக் குளிர்வித்துப் பார்க்கும் சோதனை உருவாயிற்று.

இன்றைய தரநிலையில் 5டபிள்யூ எண்ணெய் -30 டிகிரியில் இன்ஜினைச் சுழலவிட வேண்டும். -35 டிகிரியிலும் பம்புக்குப் பாயவேண்டும். 0டபிள்யூ எண்ணெய்க்கு இவை -35, -40. பம்புக்கான வரம்பு எப்போதும் 5 டிகிரி கீழே இருப்பதால், சுழலும் இன்ஜினுக்கு எண்ணெய் நிச்சயம். ஆகவே ஊரின் மிகக் குளிர்ந்த இரவைப் பார்த்து முதல் எண்ணைத் தேர்வார்கள். இரண்டாம் எண் சூடான இன்ஜினுக்கானது. அதற்கு வண்டியின் கையேடு சொல்வதே அளவு.