வீட்டுக் கார் பந்தயக் கார் ஆன வரலாறு

கழக்கூட்டத்தில் நம் அண்டை வீட்டுத் தமிழ் இளைஞன் ஒருவன், தந்தை தவணை கட்டி வாங்கிய சிறிய காருக்கு டர்போ பூட்ட வேண்டும் என்றான். ஆங்கிலத்தில் இருந்த செய்முறைக் குறிப்பொன்றைக் கொணர்ந்து, மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நம்மிடம் பொருள் கேட்டான். பொருள் சொல்லுமுன் அதன் வரலாற்றைச் சொன்னோம். அதனையே இன்று நேயர்களுக்கும் கூற விழைகிறோம்.

அடுப்பில் மங்கிய தீயை ஊதுகுழலால் ஊதினால் கொழுந்துவிட்டு எரிவதை நம் தாய்மார் அறிவர். டர்போவும் ஓர் ஊதுகுழலே. யந்திரத்தினின்று வீணே வெளியேறும் புகையின் விசை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் அமைந்த மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும். காற்று மிகுந்தால் எரிபொருளை மிகுதியாக எரிக்கலாம்; வலிமை பெருகும். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் புய்க்கி 1905-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1962-இல் அமெரிக்கக் கார்களில் இக்கருவி இடம்பெற்றது.

பிரான்சின் ரெனோ நிறுவனம் 1972-இல் வெளியிட்ட ‘ரெனோ 5’, பின்புறம் கதவுடைய எளிய குடும்பக் கார். பந்தயத்துக்கென அதனை மாற்றியோர் முன்புறத்து யந்திரத்தை ஓட்டுநரின் முதுகுப்புறம் அமைத்தனர். பின் ஆசனம் மறைந்தது. முன் சக்கரங்களுக்கு மாறாகப் பின் சக்கரங்கள் வண்டியைச் செலுத்தின. 1,397 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள யந்திரம், டர்போவின் துணையால் 160 குதிரைத் திறன் பெற்றது. 1980-இல் விற்பனைக்கு வந்த அக்கார், மறு ஆண்டே ழான் ரக்னோத்தி செலுத்த, மான்டி கார்லோ பந்தயத்தில் வாகை சூடியது. ஊதுகுழல் ஒன்றால் மட்டும் வந்த வெற்றியன்று அது. வண்டியின் உடலே புதிதாக அமைந்தது.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமே பந்தயக் களமாயிற்று. அயல்நாட்டுப் பந்தயக் கார்களை வரவழைத்தல் அரிதாயிருந்த காலம் அது. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தது. கோயம்புத்தூர் கரிவரதன், அதன் 796 கன சென்டிமீட்டர் யந்திரத்தை ஒற்றை ஆசனப் பந்தய வண்டியில் பொருத்தி, ‘ஃபார்முலா மாருதி’ என்னும் வகையை உருவாக்கினார். அதில் டர்போ இல்லை; ஏறத்தாழ 40 குதிரைத் திறனுள்ள வீட்டுக் கார் யந்திரமே அதன் உயிர். எனினும் இளைஞர் பலர்க்கு அதுவே பந்தயப் பள்ளியாயிற்று. அவ்வழி வந்த கோவை நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன்று போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். அந்நாளைக் காணக் கரிவரதன் இல்லை. 1995-இல் விமான விபத்தொன்றில் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயக் களம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இளைஞனிடம் இறுதியாக இவற்றைக் கூறினோம். வலிமை பெருகினால் வெப்பமும் அழுத்தமும் பெருகும். அவற்றைத் தாங்க யந்திரத்தின் உள்ளுறுப்புகள் உறுதிப்பட வேண்டும். வேகம் கூடினால் அதனை அடக்கும் தடையும், கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டும் வேண்டும். உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நினைவூட்டினோம். பந்தயக் களத்தில் எதிரே வண்டி வாராது. கழக்கூட்டத்துச் சாலையிலோ பள்ளிச் சிறுவர் கடப்பர்.

இளைஞன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “கோவைக் களத்தில் ஓட்டப் பழகலாமா, ஐயா?” என்றான். தந்தையிடம் கேட்குமாறு கூறினோம். குறிப்பின் மொழிபெயர்ப்பு நம் மேசையிலேயே இருக்கிறது. அவன் அதனை இன்னும் கேட்கவில்லை.