ஹன்னெலோரே ராட்செபுர்க்

ஹன்னெலோரே ராட்செபுர்க் (பிறப்பு 1951) ஜெர்மனியின் ஹாம்புர்க் நகரைச் சேர்ந்த கால்பந்து நிர்வாகி. ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் முதல் பெண் துணைத்தலைவர். அந்நாட்டுப் பெண்கள் கால்பந்தின் வரலாற்றை இவர் பெயரைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

இவர் நான்கு வயதுச் சிறுமியாக இருந்தபோது, 1955 ஜூலையில், மேற்கு ஜெர்மனியில் சங்கம் ஒரு தடை விதித்தது. உறுப்புக் கழகங்கள் பெண்கள் அணி அமைக்கக் கூடாது, பெண்களுக்கு மைதானம் தரக் கூடாது என்றது அந்தத் தடை. இந்த ஆட்டம் பெண்ணின் உடலையும் மனத்தையும் கெடுக்கும், நாகரிகத்துக்கு ஒவ்வாது என்று காரணம் சொன்னார்கள். பெண்கள் அதற்குப் பணிந்துவிடவில்லை. மறு ஆண்டே எஸ்ஸன் நகரில் நெதர்லாந்துப் பெண்களோடு நடந்த ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 18,000 பேர் திரண்டார்கள்.

1970 அக்டோபர் 31 அன்று தடை விலகியது. ஆனால் அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன: ஆட்டம் 70 நிமிடம்தான், ஆண்கள் ஆடுவதைவிடச் சிறிய, எடை குறைந்த பந்து, அடியில் குமிழ் வைத்த பூட்ஸ் கூடாது, குளிர்காலத்தில் ஆறு மாத ஓய்வு. பெண் என்றால் வலுவற்றவள் என்ற பழைய எண்ணம் இப்போது விதிப்புத்தகத்துக்குள் குடியேறியிருந்தது. ராட்செபுர்க் ஆடத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். ஹாம்புர்க்கில் ஆட்டக்காரராக இருந்தபடியே நிர்வாகப் பொறுப்புகளையும் ஏற்றார். 1977இல் தேசியச் சங்கத்தின் போட்டிக் குழுவுக்குள் நுழைந்தார். அந்தக் குழுவில் அதற்குமுன் ஒரு பெண்ணும் இருந்ததில்லை.

அவர் நுழைந்தபோது நாட்டுக்குப் பெண்கள் தேசிய அணியே கிடையாது. 1981இல் தைவானில் நடந்த உலகப் போட்டிக்கு ஜெர்மனிக்கு அழைப்பு வந்தது. அனுப்ப அணி இல்லாததால் பெர்கிஷ் கிளாட்பாக் கழகத்தின் பெண்கள் போனார்கள், கோப்பையோடு திரும்பினார்கள். தேசிய அணி வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதத்தை எந்தக் குழுக் கூட்டத்திலும் எவரும் வைத்திருக்க முடியாது. 1982 நவம்பர் 10 அன்று கோப்லென்ஸ் நகரில் ஜெர்மன் பெண்கள் அணி தன் முதல் ஆட்டத்தை ஆடி, சுவிட்சர்லாந்தை 5-1 என்று வென்றது. மாற்று ஆட்டக்காரராக இறங்கி இரண்டு கோல் போட்ட 18 வயது சில்வியா நைட், பின்னாளில் அந்த அணிக்கே பயிற்சியாளரானார்.

திருப்பம் 1989இல் வந்தது. ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதியில் இத்தாலிக்கு எதிராகப் பெனால்டி ஷூட் அவுட். கோல்கீப்பர் மாரியோன் இஸ்பெர்ட் மூன்று உதைகளைத் தடுத்து, வெற்றி தந்த உதையைத் தானே அடித்தார். தொலைக்காட்சி அதை நேரலையில் காட்டியது. ஓஸ்னாபுரூக் இறுதியாட்டத்துக்கு 22,000 பேர் வந்தார்கள். நார்வே 4-1 என்று தோற்றது. வென்ற பெண்களுக்குச் சங்கம் தந்த பரிசு ஆளுக்கொரு பீங்கான் கோப்பைத் தட்டு செட். ஐரோப்பாவையே வென்று வந்தவர்களைக்கூட அடுப்பங்கரையோடு சேர்த்தே பார்த்த கண்கள் அவை. அந்த மனநிலையோடுதான் ராட்செபுர்க் ஆண்டுக்கணக்கில் ஒரே மேசையில் அமர்ந்து பேச வேண்டியிருந்தது.

அதன்பின் மாற்றம் வேகம் பிடித்தது. 1990இல் பெண்களுக்கான தேசிய லீக்கான பண்டஸ்லிகா இரு பிரிவுகளாகத் தொடங்கி, 1997இல் ஒரே பிரிவானது. எழுபது நிமிட ஆட்டம் எண்பதாகி, 1993இல் ஆண்களுக்குரிய தொண்ணூறை எட்டியது. கோப்பை வென்றவர்களின் புகழுக்கு நடுவே இந்த இருபது நிமிடத்தை யாரும் நினைப்பதில்லை. ஆனால் அதைப் பெற 23 ஆண்டுகள் ஆயின.

ஜெர்மனி 2003இலும் 2007இலும் உலகக் கோப்பையை வென்றது. இரண்டாம் முறை ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்த 2007இலேயே ராட்செபுர்க் பெண்கள், சிறுமியர் கால்பந்துக்கான துணைத்தலைவராகத் தேர்வானார். அவர் அப்பதவியில் இருந்தபோது 2011 உலகக் கோப்பை ஜெர்மனியிலேயே நடந்தது. பெர்லின் தொடக்க ஆட்டத்துக்கு 73,000 பேருக்கு மேல் வந்தார்கள். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் கிடைத்தது. 2022இல் அவர் பதவியிலிருந்து விலகினார்.