கொழும்புக்கு இரண்டு நாள்: மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் வழி



கண்டி, அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துப் பாடசாலைகளில் கல்விச் சுற்றுலா என்ற பேச்சை எடுத்தாலே போதும், பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வது கொழும்பு. அங்கே என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டால் கடல், தாமரைக் கோபுரம், தெஹிவளை மிருகக்காட்சிசாலை என்று பதில் வரும். பெற்றார்களும் அதையே சொல்கிறார்கள். பிழையில்லை. மலைநாட்டுப் பிள்ளைக்குக் கடலைப் பார்ப்பது பெரிய விஷயம்தான்.

ஆனால் பெற்றார் சிரமப்பட்டுத் தரும் காசில் போகும் பயணம் இது. இரண்டு நாள் போய் வந்த பிள்ளை, "கொழும்பு பெரிய ஊர், எங்கட ஊர் சின்ன ஊர்" என்ற நினைப்போடு மட்டும் திரும்பி வரக் கூடாது. கொழும்பின் கதையில் கண்டிக்கு என்ன பங்கு, அந்தக் கதையில் நம்மவர் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்து வர வேண்டும். அதற்காக ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு திட்டம் எழுதினோம். மற்றப் பாடசாலைகளுக்கும், பிள்ளைகளோடு தனியாகப் போகிற குடும்பங்களுக்கும் உதவும் என்று இங்கே பகிர்கிறோம்.

முதல் இடம்: கடுகண்ணாவை

சுற்றுலா கொழும்பில் தொடங்கவில்லை, கடுகண்ணாவையிலேயே தொடங்குகிறது. பஸ்ஸில் பாட்டுப் போடுவதற்கு முன் பிள்ளைகளை இங்கே இறக்கிவிடுங்கள்.

இன்று கண்டியிலிருந்து கொழும்புக்குச் சுமார் 115 கிலோமீற்றர். மூன்று நான்கு மணித்தியாலத்தில் போய்விடலாம். கண்டி மன்னர் காலத்தில் வண்டிப் பாதை கிடையாது. அப்படி ஒரு பாதை இல்லாததே இராச்சியத்துக்குப் பாதுகாப்பு. காடும் கணவாயும்தான் கோட்டைச் சுவர். அந்த ஒற்றையடிப் பாதைகளில் பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு ஏறி இறங்கியவர்களில் பெரும் பங்கினர் முஸ்லிம்கள். தவளம் என்று சொல்வோமே, அதுதான். கரையிலிருந்து உப்பு, கருவாடு, புடவை மேலே வந்தன. மலையிலிருந்து பாக்கு கீழே போனது. கண்டி அரசில் இந்தப் போக்குவரத்துக்கென்று மடிகே என்ற தனிப் பிரிவே இருந்தது, அதில் முஸ்லிம்கள் நிறையப் பேர் சேவை செய்தார்கள். உப்பு விளையாத இராச்சியத்துக்கு உப்பைச் சுமந்து வந்தவர்கள் நம் முன்னோர் என்பதைப் பிள்ளைகள் அந்த மலைச்சரிவில் நின்றே கேட்க வேண்டும்.

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. பிடித்த நாட்டைக் கையில் வைத்திருக்க அவர்களுக்குப் பாதை தேவைப்பட்டது. ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் காலத்தில் கப்டன் டோசன் என்ற பொறியியலாளர் இந்த வீதியை அமைத்தார். கடுகண்ணாவையில் குடைந்த பாறையையும் டோசன் நினைவுக் கோபுரத்தையும் இன்றும் பார்க்கலாம். பாறையைத் துளைத்து ஒருவன் வந்தால்தான் கண்டி வீழும் என்று ஒரு பழங்கதை உண்டு. உண்மையில் கண்டி வீழ்ந்தது முதலில், பாறையைக் குடைந்தது பிறகு. கதைக்கும் வரலாற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1832ஆம் ஆண்டைப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஆண்டுதான் இந்த வீதியில் கொழும்பு - கண்டி தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாடு கடத்தப்பட்டு வேலூரில் மரணமானதும் அதே 1832இல்தான். அந்த ஆண்டு நடந்த மூன்றாவது காரியம் ஒன்றும் உண்டு. அதைப் புறக்கோட்டையில் சொல்வோம்.

இரண்டாவது இடம்: கோட்டையும் புறக்கோட்டையும்

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அது மக்களைக் கொண்டுபோகப் போட்ட பாதையல்ல, மலையில் விளைந்த கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை. ஆகவே கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கும்போதே நாம் பழைய கோப்பி மூட்டைகளின் வழியில்தான் வந்து சேர்கிறோம்.

கோட்டை என்று சொல்கிறோம், கோட்டை எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1869க்குப் பிறகு மதில்களை இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் மிஞ்சியது. போர்த்துக்கேயர் இந்தக் கரைக்கு வந்தது 1505இல். அவர்கள் வருவதற்கு முன்பே இங்கே முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள், வியாபாரம் செய்தார்கள். 1344இல் பாவா ஆதம் மலைக்குப் போய்த் திரும்பிய இப்னு பதூதா, கொழும்பைச் செரந்தீபின் அழகான பெரிய நகரங்களில் ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த வியாபாரத்தைக் கைப்பற்றத்தான் போர்த்துக்கேயர் முதலில் முஸ்லிம்களை விரட்டினார்கள். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து அவர்களை வெளியேற்றியபோது அடைக்கலம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். சுமார் 4,000 பேரைக் கிழக்குக் கரையில் அவர் குடியேற்றினார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஒரு பௌத்த அரசர் கதவைத் திறந்துவிட்டதை நம் பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும்.

செனரத்தின் மகன் இரண்டாம் ராஜசிங்கன், போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தரோடு 1638இல் ஒப்பந்தம் செய்தார். பல மாத முற்றுகைக்குப் பிறகு 1656 மே மாதத்தில் கொழும்பு விழுந்தது. ஆனால் ஒல்லாந்தர் கோட்டையை மன்னரிடம் கொடுக்கவில்லை, அவருடைய படையை உள்ளே விடவுமில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியது போல என்று சிங்கள மக்கள் சொல்லும் பழமொழி இந்தச் சம்பவத்தைத்தான் சுட்டுகிறது. அந்த முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ப்டின் பெயர்தான் இன்று நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு ஆங்கிலத்தில் வழங்குகிறது.

ஒல்லாந்தரும் முஸ்லிம்களை நிம்மதியாக விடவில்லை. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் காணி வீடு வாங்கத் தடை இருந்தது. அது ஆட்சி மாறிய பிறகும் தொடர்ந்து, பிரித்தானியர் காலத்தில் 1832இல்தான் நீங்கியது. கடுகண்ணாவையில் சொல்லாமல் விட்ட மூன்றாவது காரியம் இதுதான்.

இதைச் சொல்லிவிட்டு இரண்டாம் குறுக்குத் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், நம்மவர் பேச்சில் சம்மான்கோட்டுப் பள்ளி, 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடிந்தது. செலவைப் பொறுப்பெடுத்தவர்கள் புறக்கோட்டையில் கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம் வியாபாரிகள். வரைபடக் கலையை முறையாகப் படிக்காத ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை என்பவர் அதை வடிவமைத்தார். காணி வாங்கவே தடை இருந்த தெருவில், தடை நீங்கி எண்பது ஆண்டு ஆகுமுன் இப்படி ஒரு பள்ளி எழுந்தது. வெறுமனே படம் எடுத்துக்கொண்டு வந்தால் இந்தச் செய்தி பிள்ளைக்குப் போய்ச் சேராது. ளுஹர் தொழுகையையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். மாணவிகளுக்கான வசதியை முன்னரே பேசி வையுங்கள்.

மூன்றாவது இடம்: துறைமுகம்

துறைமுகத்துக்குள் போக அனுமதி கிடைக்காவிட்டாலும் கரையிலிருந்து அலைதாங்கியைக் காட்டலாம். 19ஆம் நூற்றாண்டின் பெரும் பகுதியில் பெரிய கப்பல்கள் காலியைத்தான் நாடின. கொழும்பில் தென்மேல் பருவக்காற்றுக்கு ஒதுங்க இடமில்லை. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதாங்கி 1885இல் முடிந்தது. அதன் பிறகுதான் கொழும்பு, காலியை முந்தியது. இந்தப் பெருஞ் செலவுக்குப் பின்னால் நின்றது மலைநாட்டு விளைச்சல். முதலில் கோப்பி. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது, பிறகு அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் நம் கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து நடந்தே மலையேறி வந்த தொழிலாளர்கள். ஆகவே கொழும்பு மலையை வளர்க்கவில்லை, மலைதான் கொழும்பை வளர்த்தது. கொழும்பைக் கண்டு வாய்பிளக்கிற பிள்ளைக்கு இந்த ஒன்றைச் சொன்னாலே போதும்.

பாதை நல்லதை மட்டும் கொண்டுபோகவில்லை. 1915 மே மாதம் கண்டியில் மூண்ட முஸ்லிம்களுக்கெதிரான கலவரம் சில நாட்களில் கொழும்பை எட்டிவிட்டது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஆனால் கோபத்தை ஊட்டாமல் சொல்ல வேண்டும். செனரத் மன்னர் திறந்த கதவையும் 1915ஐயும் சேர்த்துக் கேட்கிற பிள்ளைதான் ஒரு சமூகத்தை முழுதாக நல்லவர் என்றோ முழுதாகக் கெட்டவர் என்றோ சொல்லாது.

நான்காவது இடம்: மருதானை

இரண்டாம் நாள் காலை ஸாஹிராக் கல்லூரிப் பக்கம். 1883 ஜனவரியில் எகிப்தின் ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்து இறங்கினார். பின்னர் கண்டியில் குடியிருந்து 1901இல் தாயகம் திரும்பினார். ஹலொலுவ வீதியில் அவர் இருந்த வீடு இன்று நினைவு அருங்காட்சியகம். அந்த வீட்டைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள்.

1838இல் கண்டியில் பிறந்த சட்டத்தரணி மு. கா. சித்திலெப்பை, 1882இல் கண்டியிலிருந்து முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியவர். முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலக் கல்விக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. அவரும் வாப்பிச்சி மரிக்காரும் மற்றவர்களும் சேர்ந்து, ஒராபி பாஷாவின் ஊக்கத்தோடு 1892இல் மருதானையில் தொடங்கிய கல்விக்கூடமே ஸாஹிரா ஆனது. கண்டியிலிருந்து கொழும்புக்கு இறங்கியது கோப்பி மட்டுமல்ல, இப்படி ஒரு யோசனையும் இறங்கியது.

ஐந்தாவது இடம்: தேசிய நூதனசாலை

இங்கே அரை நாள் ஒதுக்குங்கள். ஆளுநர் வில்லியம் கிரகரி 1877இல் நிறுவிய இந்த வெள்ளை மாளிகையைக் கட்டிக் கொடுத்தவர் அதே வாப்பிச்சி மரிக்கார். பரிசாக என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடினால் போதும் என்று அவர் கேட்டதாக நம் சமூகத்தில் ஒரு செய்தி வழங்குகிறது. நெடுங்காலம் அது வெள்ளிக்கிழமை மூடித்தான் இருந்தது.

உள்ளே மூன்று பொருள்களை மட்டும் ஆற அமரப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று, கண்டி மன்னரின் சிம்மாசனம். இதை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாகக் கொடுத்தவர்கள் ஒல்லாந்தர். கொழும்பைக் கொடுக்காதவர்கள் நாற்காலியைக் கொடுத்தார்கள். 1815க்குப் பிறகு அது இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது.

இரண்டு, லெவ்கே பீரங்கி. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துப் போனது. நெதர்லாந்து 2023இல் அதையும் வேறு ஐந்து பொருள்களையும் திருப்பிக் கொடுத்தது. சூறையாடியதற்கு அடுத்த ஆண்டு, 1766இல், நடந்த ஒப்பந்தத்தில்தான் கண்டி இராச்சியம் தன் கடைசிக் கடற்கரையையும் இழந்தது.

மூன்று, காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயராலும் காணிக்கை சொல்கிறது. செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அறுநூறு ஆண்டுக்கு முன் இந்தத் தீவின் கரையில் என்ன கலவையான மக்கள் இருந்தார்கள் என்பதை ஒரே கல் சொல்லிவிடுகிறது.

கடைசியாகக் காலி முகத்திடல்

ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் திறந்துவைத்த நடைபாதை அது. ஒரு பக்கம் கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டயர் துறைமுக நகரம், மறுபக்கம் தூரத்தில் 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம். காசு போதுமானால் கோபுரத்தில் ஏற்றுங்கள். போதாவிட்டால் கீழிருந்து பார்த்தாலும் போதும், நூதனசாலையை மட்டும் வெட்டிவிடாதீர்கள். இஸ்ஸவடையும் ஐஸ்கிறீமும் வாங்கிக் கொடுத்து, பிள்ளைகளை அலையில் கால் நனைக்க விடுங்கள். அந்த நேரத்தில் பாடம் வேண்டாம்.

திரும்பும் வழியில் ஒரே ஒரு கேள்வியைக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம்: "கண்டியிலிருந்து கொழும்புக்குப் போனவை எவை, அவற்றில் திரும்பி வந்தவை எவை?" சிம்மாசனம் என்று ஒருவர் எழுதலாம். மன்னர் என்று எழுதுகிறவர், அவர் திரும்பவில்லை என்றும் எழுத வேண்டிவரும். உப்பு, பாக்கு, கோப்பி, கலவரம், கல்வி என்று பட்டியல் நீளும். அதற்குப் புள்ளி கிடையாது.

உங்கள் பாடசாலை இதில் ஓர் இடத்தைச் சேர்க்க விரும்பினால் கீழே எழுதுங்கள். அடுத்த தவணைக்கு நாங்களும் எடுத்துக்கொள்கிறோம். அல்லாஹ் எல்லாப் பிள்ளைகளின் பயணத்தையும் லேசாக்கி, பத்திரமாக வீடு சேர்ப்பானாக.

வஸ்ஸலாம்.